கம்பு இரண்டு தடவை வரும்: சிலம்பத்தில் தடுப்பதா, விலகுவதா, முந்துவதா?

என் அண்ணன் மகளுக்கு 13 வயது. போன மாதம் ஒரு தொடுமுறைச் சிலம்பப் போட்டியில் (எதிராளியைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கிற ஆட்டம்) முதல் ஆட்டத்திலேயே தோற்று, வலது கட்டைவிரல் வீங்கி வீட்டுக்கு வந்தாள். வீட்டில் எல்லோரும் விரலைப் பார்த்துப் பதறினார்கள். அவள் நினைப்பு முழுக்க ஆட்டத்திலேயே இருந்தது. பற்றுப் போட்டுவிடும்போது என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "அயித்தை, அவ கம்பு ரெண்டு தடவ வருது. நான் ஒரு தடவதான் தடுக்குறேன்."

இருபது வருஷமாகக் கம்பு பிடிக்கிறேன். சிலம்பத்தில் தற்காத்துக்கொள்வது ஏன் கஷ்டம் என்பதை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த போட்டிக்கு இன்னும் 10 வாரம் இருக்கிறது. அதற்குள் அவளுக்கு எதை முதன்மையாகச் சொல்லிக்கொடுப்பது என்று நானும் எனக்குக் கம்பு கொடுத்த வாத்தியாரும் ஒரு வாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். கம்பால் தடுப்பது, காலால் விலகுவது, எதிராளி அடிக்கும்போதே முந்தி அடிப்பது. மூன்றும் சிலம்பத்தில் உண்டு, மூன்றும் வேண்டும். ஆனால் 10 வாரத்தில் மூன்றும் ஒரே அளவில் உடம்பில் ஏறாது. எதற்கு அதிக நேரம், எதற்குக் குறைந்த நேரம் என்று முடிவெடுத்தே ஆகவேண்டும். இதே யோசனையில் இருக்கும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று எங்கள் பேச்சை எழுதி வைக்கிறேன். அலங்காரச் சுற்று மட்டும் ஆடுபவர்களுக்கு இதில் பெரிதாக எதுவும் இல்லை. இது எதிரே ஆள் நிற்கும் ஆட்டத்துக்கானது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சிலம்பம் அடிக்கிற கலை. சிவகங்கைச் சீமையில் வேலு நாச்சியார் பெயரையும் மருது பாண்டியர் பெயரையும் சொல்லித்தான் பிள்ளைகள் கையில் கம்பைக் கொடுப்பார்கள். கற்றுத் தருவதும் வீச்சிலிருந்துதான் தொடங்கும். வாள் பிடித்தவனுக்கு மறு கையில் கேடயம் உண்டு. கம்புக்காரனுக்கு இரண்டு கையும் கம்பிலேயே இருக்கிறது. கம்பு ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும், நின்ற கம்பு விறகு என்பார் எங்கள் வாத்தியார். அப்படி ஓடுவதற்கென்றே இருக்கிற ஒரு கலையில் தற்காப்பு எங்கே உட்காரும் என்பதுதான் கேள்வி.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுற்றுகிற கம்பின் நுனி, பிடித்த கையிலிருந்து சுமார் 1 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 2 சுற்று என்றால் நுனியின் வேகம் வினாடிக்குப் பன்னிரண்டரை மீட்டர். மணிக்கு 45 கிலோமீட்டர். நல்ல ஆட்டக்காரருக்கு இது பெரிய வேகம் இல்லை. அரைச் சுற்றுக்கு ஆகும் நேரம் கால் வினாடி. ஒன்றைக் கண்ணால் பார்த்து உடம்பு அசையத் தொடங்குவதற்கே மனிதருக்குச் சுமார் 0.2 வினாடி ஆகும். வலமா இடமா, மேலா கீழா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் இன்னும் கூடும். ஆக, நுனியைப் பார்த்துத் தடுக்கிறவர் எப்போதும் பிந்தித்தான் இருப்பார். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இது மாறாது. நுனியை விட்டுவிட்டு எதிராளியின் தோளையும் முன்னங்காலையும் பார்க்கப் பழகுவதுதான் மூன்று வழிக்கும் பொதுவான முதல் பாடம்.

இனி, தடுப்பு.

பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். பெற்றோருக்கும் பிடித்தது இதுதான், கண்ணுக்குத் தெரிகிறதே! தலைக்கு வரும் அடிக்குக் கம்பைக் குறுக்கே தூக்கு, விலாவுக்கு வரும் அடிக்கு நிமிர்த்திப் பிடி, காலுக்கு வந்தால் நுனியைக் கீழே இறக்கு. இரண்டு வாரத்தில் ஓரளவு வந்துவிடும். தடுத்துவிட்டோம் என்ற தைரியமும் பிள்ளைக்குக் கிடைக்கும், அந்தத் தைரியத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அடிக்குப் பயந்து கண்ணை மூடுகிற பிள்ளைக்கு வேறு எதையும் கற்றுத்தர முடியாது.

சிக்கல் அண்ணன் மகள் சொன்னதுதான். கம்புக்கு இரண்டு முனை. ஒரு முனையை நாம் முட்டி நிறுத்தினால், அந்த முட்டலிலேயே எதிராளியின் கம்பு திரும்பி மறுமுனை வந்துவிடும். நாம் தடுத்ததே அவளுக்கு விசை கொடுத்த மாதிரி. நம் கம்போ அந்த நேரத்தில் நின்றுபோயிருக்கும், அதை மறுபடி ஓடவிடத் தனியாக நேரம் வேண்டும். வாட்போரில் இந்தத் தொல்லை இந்த அளவுக்கு இல்லை. நம் பவானி தேவி ஆடும் சேபர் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் இறங்கி, ஒலிம்பிக்கில் வாள் வீசிய முதல் இந்தியர் ஆனவர் அவர். அந்த ஆட்டமும் முன்னேறி அடிப்பவருக்குச் சாதகமானதுதான். ஆனால் அங்கே ஒழுங்காகத் தடுத்துவிட்டால் அடுத்து அடிக்கும் உரிமை தடுத்தவருக்கு வந்துவிடும், விதியே அவருக்குத் துணை. நான் ஆடிய எந்தச் சிலம்பப் போட்டியிலும் தடுத்தவருக்கு அப்படி ஒரு சலுகை கிடைத்ததில்லை. தடுத்த மறுநொடி எதிராளி தொட்டால் அவளுக்குத்தான் புள்ளி.

தடுப்பிலும் இரண்டு விதம் இருக்கிறது, இதைப் பிரித்துச் சொல்லாமல் விட்டால் தடுப்புக்கு அநியாயம் செய்ததாகும். ஒன்று, வருகிற கம்புக்கு நேர் குறுக்கே முட்டி நிறுத்துவது. மற்றது, கம்பைச் சாய்த்துப் பிடித்து அடியை வழுக்கிப் போகவிடுவது. ஓட்டு வீட்டுக் கூரையில் மழைத்தண்ணீர் இறங்குகிற மாதிரி. சாய்ந்த தடுப்பில் எதிராளியின் கம்பு நிற்காமல் தான் வந்த திசையிலேயே தாண்டிப் போகிறது. மறுமுனை வர அவள் அந்தச் சுற்றைத் தொடர்ந்து சுற்றியாக வேண்டும். அந்த இடைவெளி நமக்கு. மணிக்கட்டிலும் குறைந்த அதிர்ச்சிதான் ஏறும். சாய்ந்த தடுப்பைக் கற்க இரண்டு வாரம் போதாது, இரண்டு மாதமாவது வேண்டும். அதனால்தான் அவசரத்துக்குக் கற்றுத் தருகிறவர்கள் முட்டுத் தடுப்போடு நிறுத்திவிடுகிறார்கள்.

விரல் வீங்கிய கதையும் இதில்தான் இருக்கிறது. போன வருஷம் விடுமுறையில் ஒரு பயிற்சி வகுப்புக்கு அவளை அனுப்பியிருந்தோம். அங்கே கட்டைவிரலைக் கம்பின் மேலேயே நீட்டிவைத்துப் பிடிக்கப் பழக்கியிருக்கிறார்கள். சுற்றுவதற்கு அது அழகாக இருக்கும். முட்டித் தடுக்கும்போது எதிராளியின் கம்பு நம் கம்பு மேலேயே சறுக்கி நேராக அந்த விரலில் வந்து விழும். தடுக்கிறபோது கட்டைவிரல் மற்ற விரல்களோடு கம்பைச் சுற்றி மூடியிருக்க வேண்டும். உங்கள் பிள்ளை தடுப்பு கற்கிறது என்றால் இன்றைக்கே இதைப் பாருங்கள். விரல் மூட்டில் வீக்கம் இரண்டு மூன்று நாளில் வடியவில்லை என்றால் பற்றுப் போட்டுக் காத்திருக்காமல் எக்ஸ்ரே எடுங்கள். நாங்கள் எடுத்தோம், எலும்புக்கு ஒன்றுமில்லை.

அடுத்தது விலகுவது. காலடி. என் மனம் இந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை மறைக்கவில்லை.

விலகு என்றவுடன் எல்லாப் பிள்ளைகளும் பின்னால் போகும். பயந்த உடம்பு பின்னால்தான் போகும், அது இயல்பு. ஆனால் கம்புக்கு எதிரே பின்வாங்குவதுதான் இருப்பதிலேயே மோசமான இடம். எதிராளி கம்பைக் கையில் நழுவவிட்டுப் பிடித்தால் ஓர் அடி நீளம் கூடிவிடும், நம் பின்னடி அதற்குள் அடங்கிவிடும். நாம் நிற்பதும் நுனி வந்து விழுகிற இடத்தில்தான், அங்கேதான் வேகம் அதிகம். இரண்டு முறை பின்வாங்கினால் ஆடுகளத்தின் கோடு வந்துவிடும்.

மேலே போட்ட கணக்கை மறுபடி எடுங்கள். கையிலிருந்து 1 மீட்டர் தள்ளி 45 கிலோமீட்டர் வேகம் என்றால், அரை மீட்டரில் அதில் பாதி. கைப்பிடிக்குப் பக்கத்தில் வேகம் இன்னும் குறைவு. அதாவது கம்புக்குப் பயந்தவருக்கு நல்ல இடம் எதிராளியின் பக்கத்தில். முன்னங்காலைச் சாய்வாக வெளியே வைத்து, அவளுடைய தோளுக்குப் பக்கவாட்டில் நுழைந்துவிட்டால், வீசிய கம்பு நமக்குப் பின்னால் காற்றை அடித்துக்கொண்டு போகும்.

இதை அவளுக்குப் புரியவைக்க நான் எந்தப் படமும் வரையவில்லை. சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு அண்ணனோடு வருஷா வருஷம் போகிறவள் அவள். "மாட்டுக்கு முன்னாடி நிக்கிறவன் குத்துப்படுவான், பின்னாடி ஓடுறவன் மிதிபடுவான். திமிலைப் பிடிச்சவன் எங்கே இருக்கான்?" என்று கேட்டேன். "ஒட்டி இருக்கான்" என்றாள். அவ்வளவுதான் பாடம்.

உள்ளே நுழைய முடியாத தூரத்தில் இருந்தால் இன்னொரு வழி, கம்பு போகிற திசையிலேயே நாமும் நகர்வது. வலமிருந்து வருகிற வீச்சுக்கு இடப்பக்கம் போவது. கம்பு நம்மைத் துரத்த வேண்டியிருக்கும், அந்த ஒரு துளி நேரம் கிடைக்கும். பட்டாலும் பலமாகப் படாது. திசைக்கு எதிராகப் போனால் இரண்டு வேகமும் சேர்ந்து விழும். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் பஸ் போகிற பக்கமே நாலடி ஓடி நிற்பதை நினைத்துக்கொள்ளலாம்.

காலடியின் பெரிய லாபம், விலகிக்கொண்டிருக்கும்போதும் நம் கம்பு ஓடிக்கொண்டே இருக்கிறது என்பது. தடுப்பதற்காக அது நிற்கவில்லை. விலகிய கால் ஊன்றியவுடன் அடி கிளம்பிவிடும். அடிக்கிற கலைக்குள் தற்காப்பை வைக்க இதைவிடப் பொருத்தமான இடத்தை நான் பார்க்கவில்லை. இரண்டு முனைத் தொல்லையும் இங்கே தீர்ந்துவிடுகிறது. முட்டாத கம்பு திரும்பி வராது.

நஷ்டமும் இருக்கிறது. காலடி மாதக்கணக்கில் கேட்கும். பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டும். கம்பே இல்லாமல் வெறும் காலை வைத்து எடுத்து ஒரு மணி நேரம் நிற்கச் சொன்னால் பாதிப் பேர் அடுத்த வாரம் வரமாட்டார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் சீக்கிரம் பதக்கம் வேண்டும் என்று வருகிற பெற்றோரிடம் 'ஆறு மாதம் காலடி' என்று சொல்ல எந்த வாத்தியாருக்கும் தைரியம் வேண்டும்.

தரையும் முக்கியம். நாங்கள் பழகுவது ஊருணிக்கரைப் பொட்டலில், செம்மண்ணில். வெறுங்கால் நன்றாகப் பிடிக்கும், சரளைக் கல்லை மட்டும் பொறுக்கிப் போட்டுவிட வேண்டும். மழை நாளில் உறவுக்காரர் வீட்டு வளவுக்குள் பழகப் போய் ஒருமுறை நானே வழுக்கி விழுந்திருக்கிறேன். தேய்ந்து பளபளத்த ஆத்தங்குடிக் கல் கண்ணுக்குக் குளிர்ச்சி, காலடிக்கு ஆபத்து. போட்டி நடக்கிற இடம் சிமென்டா, விரிப்பா, மண்ணா என்று முன்னாலேயே கேட்டு, அதே மாதிரித் தரையில் கடைசி இரண்டு வாரமாவது பழகுங்கள்.

மூன்றாவது, முந்தி அடிப்பது. எதிராளி கையை ஓங்குகிறாள், தோள் எழும்புகிறது, அந்த நொடியில் அவள் மணிக்கட்டைத் தொட்டுவிடுவது. புரூஸ் லீ தன் முறைக்கு வைத்த பெயரான ஜீத் குன் டோ என்பதற்கே 'இடைமறிக்கும் முஷ்டியின் வழி' என்றுதான் பொருள். கராத்தேயில் கிச்சின் ஃபுனகோஷி வைத்த கட்டளை இதற்கு எதிர்த்திசையில் நிற்கிறது, 'கராத்தேயில் முதல் அடி கிடையாது' என்றார் அவர். இரண்டையும் சண்டை போடவிட வேண்டாம் என்று நினைக்கிறேன். ஓங்கிய கையை மறிப்பது முதல் அடியா, இல்லை ஏற்கெனவே தொடங்கிவிட்ட அடிக்குப் பதிலா? எனக்கு அது பதிலாகத்தான் படுகிறது.

கம்பில் இந்த வழிக்கு ஓர் இயற்கைச் சாதகம் உண்டு. வீச்சு வளைந்து வரும், குத்து நேராகப் போகும். நேர் வழி குறுகியது. அவள் அரை வட்டம் வருவதற்குள் நம் நுனி நேரே போய் நின்றுவிடும். வாங்குகிற புள்ளியும் உடனே கிடைக்கும். அண்ணன் மகளுக்கு மிகவும் பிடித்தது இதுதான், அவள் குணமே அப்படி. பந்தியில் கூட முதல் இலையில் உட்காருகிறவள்.

ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் அடித்தால்? அதுதான் இதன் பெரிய ஓட்டை. நாம் முந்தியது கால் வினாடியில் பாதி என்றால், ஏற்கெனவே கிளம்பிய அவள் கம்பு நிற்கப்போவதில்லை. நமக்குப் புள்ளி விழுந்த அதே நேரத்தில் நம் தோளில் கம்பு விழும். நடுவர் யாருக்குக் கொடுப்பார் என்பது அவர் எதைப் பார்த்தார் என்பதைப் பொறுத்தது. நடுவர் இல்லாத இடத்தில், தெருவில் ஒரு பெண் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டிய நேரத்தில், இரண்டு பேருக்கும் அடி என்பது தற்காப்பே இல்லை. குத்து எல்லாப் போட்டியிலும் அனுமதிக்கப்படுவதும் இல்லை. அமைப்புக்கு அமைப்பு விதி மாறும், பழகத் தொடங்குமுன் அந்தப் போட்டியின் விதியைக் கையில் வாங்கிப் படித்துவிடுங்கள். எதிராளி ஓங்குவது போலப் பாவனை காட்டினால், முந்துகிற பழக்கம் உள்ள பிள்ளைதான் முதலில் ஏமாறும் என்பதையும் சொல்ல வேண்டும்.

வாத்தியார் இந்த மூன்றில் எதையும் ஒப்புக்கொள்வதில்லை. அவருக்கு நாலாவது ஒன்று இருக்கிறது. "சுத்துற கம்புதான் தாயி வேலி. வேலிக்கு எதுக்கு வேலி?" என்பார். கம்பை உடம்பைச் சுற்றி இடைவிடாமல் ஓடவிட்டால் யாரும் உள்ளே வரமுடியாது என்பது அவர் வழி. நாலு பேர் சூழ்ந்துகொண்டால் அவர் சொல்வதுதான் சரி, படைவீச்சுக்கு ஈடு கிடையாது. அவர் வீசும்போது அந்தப் பொட்டலில் ஈ நுழையாது, என் கண்ணால் பார்த்தது. ஆனால் ஒற்றைக்கு ஒற்றை ஆட்டத்தில் சுற்றுக்கு ஒரு தாளம் இருக்கிறது. தாளம் பிடிபட்ட எதிராளி இரண்டு சுற்றுக்கு நடுவே காலை வைத்துவிடுவாள். 13 வயதுத் தோளுக்குக் களைப்பும் சீக்கிரம் வரும். இதை அவரிடமே சொன்னேன். பதில் சொல்லாமல் கம்பை எடுத்து என் கையில் கொடுத்து, உள்ளே வா என்றார். இரண்டு முறை வந்தேன், மூன்றாம் முறை முழங்கையில் வாங்கினேன். அவருக்கு வயது 70.

சரி, யாருக்கு எது?

புதிதாக வருகிற சிறு பிள்ளைக்கு, அடிப்பயம் போகிற வரைக்கும் தடுப்பிலிருந்து தொடங்குவது நல்லது, ஆனால் முதல் நாளே சாய்ந்த தடுப்பாக. பாதுகாப்புக்காகக் கற்க வரும் பெண்களுக்கு நான் காலடியைத்தான் சொல்வேன். கையில் கம்பு இல்லாத நாளிலும் கால் கூட வரும். கை நீளமான, உயரமான பிள்ளைக்கு முந்தி அடிப்பது இயல்பாக வரும், அதைத் தடுக்க வேண்டாம். குட்டையாக இருக்கிற பிள்ளை உள்ளே நுழைந்தே ஆகவேண்டும், வேறு வழியில்லை. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் பக்கவாட்டுக் காலடியில் வீம்பு பிடிக்காமல் சாய்ந்த தடுப்பை நம்பலாம். ஒரு மாதத்தில் போட்டி என்று வந்து நிற்பவருக்கு எதை மாற்றினாலும் குழப்பம்தான், கட்டைவிரலை மட்டும் திருத்திவிடுங்கள்.

என் அண்ணன் மகள் வயதுக்குக் கொஞ்சம் குட்டை. குணம் முந்தச் சொல்கிறது, உடம்பு நுழையச் சொல்கிறது. குணத்தை அடக்கி வளர்க்க எனக்கு விருப்பமில்லை. அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறோம்: வாரத்தில் 5 நாள் பயிற்சி, ஒவ்வொரு நாளும் முதல் அரை மணி கம்பில்லாமல் காலடி, அடுத்த 20 நிமிஷம் நான் மெதுவாக வீச அவள் உள்ளே நுழைவது. சாய்ந்த தடுப்பு, வலம் ஒன்று இடம் ஒன்று, கடைசிப் 10 நிமிஷம், கால் பிந்திப்போன நேரத்துக்கு. முந்தி அடிப்பதை ஏழாவது வாரம் வரைக்கும் தொடப்போவதில்லை. நுழையும்போது கால் தானாகப் பக்கத்தில் விழத் தொடங்கிய பிறகு, அந்தக் காலோடு சேர்த்தே மணிக்கட்டுத் தொடலைக் கொடுப்பேன். வீச்சு வரும் கோட்டை விட்டு விலகிய உடம்பிலிருந்து முந்தினால் இருவருக்கும் அடி என்கிற பேச்சுக்கு இடமிருக்காது.

பழகுவதற்கு மூங்கிலை வைத்துவிட்டுப் பிரம்பு வாங்கியிருக்கிறேன். மூங்கில் பிளந்தால் சிலாம்பு கண்ணுக்கு வரும், பிரம்பு நார் நாராகத்தான் பிரியும். தலைக்கவசமும் கையுறையும் உண்டு.

ஏழு வாரம் என்றதும் அவள் முகம் சுருங்கிவிட்டது. முந்துவதை ஆறாவது வாரமே தரக்கூடாதா என்று பேரம் பேசினாள். நேற்று சாயங்காலம் பொட்டலில் கம்பில்லாமல் எதிரே நின்று, நான் வீசிய 20 வீச்சில் 11-க்குப் பின்னால் போனாள், 9-க்குப் பக்கத்தில் வந்தாள். முதல் நாள் பக்கத்தில் வந்தது 2. இருபதில் 15 வந்த அன்றைக்கே, எந்த வாரமாக இருந்தாலும், தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.